உயிர்ப்பலியும் புலால் மறுத்தலும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் வழிபாட்டில் ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமயத்தின் பெயரே ஓர் உணவு முறையின் பெயராகவும் வழங்குவது தமிழில் காணும் சிறப்பு. உணவுக்கடையில் 'சைவமா, அசைவமா' என்று கேட்பவர் சிவநெறியைப் பற்றிக் கேட்பதில்லை. கொலை கலவாத உணவு வேண்டுமா என்றே கேட்கிறார். யாழ்ப்பாணத்துத் தமிழர் மறுபக்கத்தை 'மச்சம்' என்பர். வெள்ளிக்கிழமை மச்சம் புழங்காத வீட்டார் சனிக்கிழமை காலையில் மீன் வாங்கச் சந்தைக்குச் செல்வதை எவரும் முரண்பாடாகக் கருதுவதில்லை. வாரத்தில் ஒரு நாள், புரட்டாசியில் ஒரு மாதம், தைப்பூசத்திற்குக் காவடி எடுப்போர்க்கு விரத நாள்கள் என்று இவ்வாறு விட்டுவிட்டு விலகி நிற்கும் வழக்கத்தினுள் நெடுங்காலத் தயக்கம் ஒன்று பொதிந்து கிடக்கிறது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நம் முன்னோர் எழுப்பிய கோயில்களின் வரலாற்றை நோக்குவார்க்கு அத்தயக்கம் நடந்துவந்த வழி புலப்படும்.

தமிழர் தொன்றுதொட்டுப் புலால் மறுத்தவர் என்று மேடைகளில் கூறப்படுவதுண்டு. நூல்கள் அவ்வாறு கூறவில்லை. முருகப்பெருமானுக்குரிய திருமுருகாற்றுப்படையே, கிடாயின் குருதி கலந்த அரிசியைப் பலியாக இடும் வழிபாட்டைப் பாடுகிறது. அந்தணராகிய கபிலர், தம் கை மென்மையாயிருப்பதற்குக் காரணம் ஊனும் சோறும் உண்டு பழகியதே என்று சேர மன்னனிடம் கூறுவதைப் புறநானூற்றில் காண்கிறோம். திருத்தொண்டர் புராணத்தில் கண்ணப்பர் தாம் சுவைத்துப் பார்த்த ஊனையே இறைவனுக்குப் படைக்கிறார்; சிவகோசரியார் அது கண்டு பதறுகிறார். சேக்கிழார் அவ்விருவரில் எவரையும் தாழ்த்தவில்லை. புலால் மறுத்த சமயத்தவரே கண்ணப்பரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்கிவருகின்றனர். இதனை எளிதில் கடந்து செல்லுதல் கூடாது.

வள்ளுவர் புலால் மறுத்தல், கொல்லாமை ஆகிய இரு அதிகாரங்களையும் இல்லறவியலில் வைக்காமல் துறவறவியலில் வைத்தார். இல்லறத்தார்க்கு அவை கட்டாயம் அல்ல என்று சிலர் இதற்குப் பொருள் கொள்வர். ஆயினும், அவர் கூறும் காரணம் இல்லறத்தார் வீட்டு வாயிலுக்கே வருகிறது. நாங்கள் கொல்லவில்லை, விலைக்கு வாங்கினோம் என்பாரை நோக்கி, தின்பதற்கென்று வாங்குவோர் இல்லையேல் விற்பதற்கென்று கொல்வோரும் இரார் என்கிறார். தனக்கென்று கொன்றதைக் காணாமலும், கேளாமலும், ஐயுறாமலும் இருப்பின் பிக்கு ஊன் ஏற்கலாம் என்னும் பௌத்த விதிக்கு இது மறுமொழியாகலாம் என்பது அறிஞர் சிலரின் கருத்து.

பிரிக்பீல்ட்ஸ் வாழ் அன்பர்க்கு இவ்வாதம் ஏட்டோடு நிற்பதன்று. 1894ஆம் ஆண்டு தோன்றிய சிங்கள பௌத்தர் சங்கத்தின் மகா விகாரையும், யாழ்ப்பாணத்துச் சைவர் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயிலும் அவ்வொரு வட்டாரத்திலேயே உள்ளன. 1952இல் மலாயா வந்து 2006இல் மறையும்வரை அவ்விகாரையின் தலைவராய் விளங்கிய கே. ஸ்ரீ தம்மானந்தர், உண்ணும் உணவை மட்டும் கொண்டு ஒருவரின் தூய்மையை அளத்தலாகாது என்று எழுதினார். அண்மையிலுள்ள விவேகானந்த ஆசிரமம் 1904இல் தோன்றியது. அதன் பெயருக்குரிய சுவாமி விவேகானந்தர் புலால் உண்டவர். எனினும் 1901இல் பேலூர் மடத்தில் அவர் நடத்திய துர்க்கா பூசையில் உயிர்ப்பலி வேண்டாவென்று அன்னை சாரதா தேவியார் தடுத்தபோது மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். நடந்தே சென்று காணத்தக்க தொலைவில் மூன்று விடைகள்!

மணிமேகலையில் வரும் சாதுவன் கதை கடல் கடந்து வந்த தமிழர் நினைவில் நிறுத்தத்தக்கது. கப்பல் உடைந்து நாகர் வாழும் மலையிற் கரையேறிய அவ்வணிகனுக்கு அவர்தம் தலைவன் கள்ளும் ஊனும் அளிக்க, அவன் மறுத்து அறம் உரைக்கிறான். தலைவன் சினக்கவில்லை. இவற்றைக் கைவிட்டால் எங்கள் உயிர் உடலில் நில்லாதே, எங்கட்கு இயலும் அறம் யாதோ அதைச் சொல் என்று கேட்கிறான். உடைந்த கலத்திலிருந்து வருவோரைக் கொல்லாது காப்பீராக. மூத்துத் தாமே இறக்கும் விலங்கையன்றிப் பிற உயிரைக் கொல்லாதீராக என்கிறான் சாதுவன். முழுமையான கொல்லாமையைக் கேட்டு ஒன்றும் பெறாமற் போவதினும் அவர்க்கு இயன்றதைக் கேட்டுப் பெற்றான். பிற்காலச் சீர்திருத்தக்காரர் பலரிடம் இப்பக்குவம் காணப்படவில்லை என்பதைச் சொல்லாமலிருக்க இயலாது.

இனித் தோட்டப்புறத்திற்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கிள்ளான், காப்பார், கேரித் தீவு முதலிய இடங்களில் காடழித்துத் தோட்டங்கள் எழுந்தன. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டபின் தொழிலாளர் வருகை பெருகியது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அது தொடர்ந்தது. அவ்வாறு வந்தோர் தம் ஊர்த் தெய்வங்களையும் உடன் கொண்டுவந்தனர். லயத்தின் ஒருபுறம் மாரியம்மன். தோட்டத்து எல்லையில், பெரும்பாலும் ஒரு மரத்தடியில், முனீஸ்வரரோ மதுரை வீரனோ காளியம்மனோ. ஆண்டுத் திருவிழாவில் காவல் தெய்வத்திற்குக் கிடாயும் சேவலும் பலியாயின. கூலியில் பெரும்பகுதி அரிசிக்கும் பருப்புக்கும் கருவாட்டுக்கும் சென்ற அந்நாளில், தொழிலாளர் குடும்பம் ஆட்டிறைச்சி உண்ட நாள்கள் மிகச் சில; திருவிழா அவற்றுள் ஒன்று. பலியிட்ட இறைச்சி பங்கு பிரிக்கப்பட்டது. தலை பூசாரிக்கு என்பது பொதுவழக்கு.

இப்பலியைக் கொடுமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் அதனை ஊன்றி நோக்காதவர். நோயிலோ பேறுகாலத்திலோ நேர்ந்துகொண்ட கிடாய், மாதக்கணக்கில் வீட்டிலேயே வளரும். குழந்தைகள் தழை ஒடித்து ஊட்டுவர். திருவிழா நாளில் அதற்கு மாலையிட்டு, மஞ்சள் நீர் தெளித்து, எல்லாரும் காத்து நிற்பர். கிடாய் தலையசைத்து உடலைச் சிலிர்த்தால்தான் அரிவாள் உயரும். அது தெய்வம் தந்த உத்தரவு என்றும், ஆடு தந்த இசைவு என்றும் கொள்வர். சிலிர்க்காவிடின் மீண்டும் நீர் தெளிப்பர்; காரணம் கேட்பர்; வேண்டுதலில் ஏதேனும் குறையோ என்று வீட்டார் கலங்குவர். சிலிர்ப்பது நீரின் குளிரால் என்பதை அறியாதவரல்லர் அம்மக்கள். அறிந்திருந்தும் கேட்டார்கள். இசைவின்றிக் கொல்ல மனம் துணியவில்லை என்பதே அதன் பொருள்.

வளர்த்தவர் பெரும்பாலும் தாமே வெட்டுவதில்லை. அரிவாள் வேறொருவர் கையில் இருக்கும். மாரியம்மன் சந்நிதிக்கு முன் திரை இழுத்து மூடப்படும். காவல் தெய்வம் ஏற்கும் பலியை அன்னை காணலாகாது என்பது நம்பிக்கை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் அய்யனார் சைவப் படையல் ஏற்பவர். அவர் பக்கத்துக் கருப்பனே கிடாய் ஏற்பவர். இடையில் ஒரு திரை. அந்தத் துணிக்கு இப்பக்கம் குற்றவுணர்வும் அப்பக்கம் தூய்மையும் நின்றன.

இத்தயக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பண்டைக் கிரேக்கர் பலியிடும் எருதின் தலையில் நீர் தெளித்து அது தலையசைப்பதை இசைவாகக் கொண்டனர். ஏதென்ஸ் நகரில் ஒரு விழாவில் எருதைக் கொன்றபின் விசாரணை நடத்தி, குற்றம் கோடரியினுடையது என்று தீர்த்துக் கடலில் எறிந்தனராம். வேத வேள்வியில் விலங்கைக் கொல்பவனுக்குச் 'சமிதன்', அதாவது அமைதிப்படுத்துபவன், என்று பெயர். கொல்லும்போது வேள்வியாசிரியர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நம் அண்டையில் வாழும் முஸ்லிம் மக்களும் அறுக்கப்படும் விலங்கின் முன் கத்தியைத் தீட்டலாகாது, ஒன்றின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கலாகாது என்னும் நெறியைப் போற்றுகின்றனர். சீனருள் பலர் பிறைக் கணக்கின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் மரக்கறி உணவே கொள்வர்.

உயிர்ப்பலிக்கு எதிரான குரல் இந்நாட்டில் முதலில் படித்த வகுப்பாரிடமிருந்தே உரத்து எழுந்தது. இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்ற யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் குடியமர்ந்தனர். ஆறுமுக நாவலர் (1822–1879) வகுத்த கல்வி நெறியில் வளர்ந்த தலைமுறை அது. நாவலரின் நான்காம் பாலபாடத்தில் கொலை என்றும் புலாலுண்ணல் என்றும் தனித்தனிப் பாடங்கள் உள்ளன. அம்மன் கோயில்களில் ஆடு கோழி வெட்டுவதையும் அவர் கடுமையாகக் கண்டித்தார். நல்லூரை நினைவிற்கொண்டு எழுப்பிய கந்தசுவாமி கோயிலில் ஆகம வழிபாடு நிலைபெற்றதில் வியப்பில்லை. கிள்ளானில் 1892இல் எழுந்த ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் பலிக்கு இடமில்லா வைணவ நெறியது.

ஆனால் இக்குரலில் வேறொன்றும் கலந்திருந்தது. கறுப்புக் கோட்டு அணிந்த எழுத்தர் பால்வெட்டுத் தொழிலாளியை நோக்கி, உன் தெய்வம் சிறுதெய்வம், உன் வழிபாடு கீழானது என்று சொல்லும் தொனி அது. தம் வீட்டில் வெள்ளி தவிர்த்த நாள்களில் மீன் உண்டவரும் அவ்வாறு பேசினர். மறுபுறம், 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயா வந்ததையொட்டி வலுப்பெற்ற சுயமரியாதை இயக்கத்தாரும் பலியைக் கண்டித்தனர். அவர்கட்கு ஆட்டின்மீது இரக்கம் என்பதைவிட மூடவழக்கின்மீது சினமே பெரிது. ஆக, கோயிலுக்கு உள்ளிருந்து ஒரு கண்டனமும் வெளியிலிருந்து ஒரு கண்டனமும் எழ, ஆட்டைப் பற்றிப் பேசியவர் இரு பக்கத்திலும் சிலரே. 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம் கோயில்களில் உயிர்ப்பலி கூடாதென்று தொடர்ந்து வலியுறுத்தி வந்துள்ளது. அதன் முயற்சியால் பல ஆலயங்கள் மனம் மாறின.

எனினும், மாற்றத்தை விரைவுபடுத்தியதில் நிலத்தின் மாற்றத்திற்கும் பெரும்பங்கு உண்டு. 1970ஆம் ஆண்டுகள் தொட்டுப் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயங்கள் போயின, மரத்தடித் தெய்வங்கள் கட்டடங்களுக்குள் குடியேறின. தமிழகத்திலிருந்து குருக்கள் வந்தனர், கும்பாபிஷேகம் நடந்தது, முனீஸ்வரர் சிவபெருமானின் வடிவமெனப் போற்றப்பட்டார். அவ்வழிபாட்டு முறையில் கிடாய்க்கு இடமில்லை. அரிவாளின் முனையில் எலுமிச்சம்பழம் செருகப்பட்டது. குங்குமம் தடவிய வெண்பூசணி பலியானது. பிளந்த பூசணியின் செந்நிறம் எதனை நினைவூட்டுகிறது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

தாயகத்தில் இதே வினாவைச் சட்டத்தால் தீர்க்க முயன்றனர். 1950இல் சென்னை மாநிலத்தில் விலங்குகள், பறவைகள் பலித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் அது பெரிதும் ஏட்டளவிலேயே இருந்தது. 2003இல் முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு அதனைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த முற்பட்டபோது சிற்றூர் மக்கள் கொதித்தெழுந்தனர். 2004இல் அரசே சட்டத்தை விலக்கிக்கொண்டது. இறைச்சிக் கடையில் நாள்தோறும் வெட்டுவது குற்றமில்லையெனில் எங்கள் குலதெய்வத்தின்முன் ஆண்டுக்கொருமுறை வெட்டுவது மட்டும் குற்றமா என்ற அவர்களின் கேள்விக்கு நேர்மையான விடை கூறுதல் எளிதன்று.

அக்கேள்வி நம்மையும் சார்ந்ததே. பலி நின்ற கோயில்களின் அன்பர்களுள் மிகப் பலர் புலால் உண்போர். புரட்டாசியில் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களில் சைவச் சாப்பாட்டுக்குக் கூட்டம் நெருக்குகிறது. மாதம் முடிந்ததும் அக்கூட்டம் இறைச்சிக் கடைக்கு மாறுகிறது. பேரங்காடியின் குளிர்ப்பெட்டியில் நெகிழித்தாள் சுற்றிக் கிடக்கும் இறைச்சிக்கு மாலை இட்டவரில்லை. அதனிடம் இசைவு கேட்டவருமில்லை. தோட்டத்துப் பாட்டன் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணெதிரே கண்டு கலங்கிய ஒன்றைப் பேரன் வாரந்தோறும் காணாமலே உண்கிறான். இவ்விருவருள் வள்ளுவரின் வாதம் யாரை மிகுதியாகச் சுடும் என்பது சொல்லாமலே விளங்கும்.

வள்ளலார் இராமலிங்க அடிகள் (1823–1874) இதில் மிகக் கண்டிப்பானவர். வடலூர்ச் சத்திய ஞானசபையினுள் கொலையும் புலாலும் தவிர்த்தோரே புகலாம் என்று விதித்தார். அல்லாதோரைப் புற இனத்தார் என்றார். ஆனால் 1867இல் அவர் தொடங்கிய தருமச்சாலையில் அத்தகையோர்க்கும் பசி தீர்க்கவேண்டும் என்பதே அவர் கட்டளை. சபையின் வாயிலில் காட்டிய கண்டிப்பை அவர் பந்தியில் காட்டவில்லை. பரிவோடு கூடிய இக்கண்டிப்பை ஆலயப் பொறுப்பாளர்கள் எண்ணிப் பார்க்கலாம். பலி வழக்கத்தை இன்னும் விடாத குடும்பங்களோடு பேச வேண்டிய நிலை பல நிர்வாகங்கட்கு இன்றும் வருகிறது.

அத்தகைய குடும்பங்கள் உள்ள சில இடங்களில் இரு தரப்பும் ஓர் உடன்பாட்டில் காலம் கழிக்கின்றன. திருவிழாவின் ஆகமச் சடங்குகள் யாவும் முடிந்து, குருக்கள் விடைபெற்றுச் சென்றபின், மதிலுக்கு வெளியே காவல் தெய்வத்தின் பெயரால் கிடாய் வெட்டப்படுகிறது. மஞ்சள் நீர் தெளித்து உத்தரவு கேட்பது மாறவில்லை. அந்நேரத்தில் மூலவர் சந்நிதியின் கதவு சாத்தியிருக்கும்.