நான்கடி பதினோரு அங்குலம்



பாகூர்ப் பகுதியில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, படிப்பை முடித்த மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். காவலர் தேர்வுக்கு மார்பளவு போதவில்லை. இரண்டே மாதத்தில் பத்துக் கிலோ எடை கூடவேண்டும் என்றான். ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர் அது; சோற்றுக்குப் பஞ்சமில்லை. அவசரத்துக்கும் பஞ்சமில்லை! நானும் இளமையில் அளவுக்கு மீறிய கரலாக்கட்டையைச் சுழற்றித் தோளைச் சுளுக்கிக்கொண்டவன்தான். ஆகவே அவனைக் கடிந்துகொள்ளாமல் ஒரு வரலாற்றைச் சொன்னேன்.

வங்காளத்துக் குமில்லா மாவட்டத்தில் பிறந்தவர் மனோகர் ஐச். பன்னிரண்டாம் வயதில் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. நலிந்துபோன உடலைத் தண்டாலும் பஸ்கியும் எடுத்தே மீட்டார். வளர்ந்த பின்னும் அவர் உயரம் நான்கடி பதினோரு அங்குலமே. 1942-இல் ஆங்கிலேயரின் விமானப் படையில் சேர்ந்தவர், அதிகாரி ஒருவரைக் கன்னத்தில் அறைந்ததற்காகச் சிறை புகுந்தார். கருவி ஏதும் இல்லாத அச்சிறையில் நாள்தோறும் மணிக்கணக்காகப் பயின்றார். அவ்வுழைப்பைக் கண்டு சிறை அதிகாரிகளே அவருக்குத் தனி உணவு அளித்தனர் என்பர். விடுதலைக்குப் பின் வறுமை. சியால்தா ரயில் நிலையத்தில் தேங்காய் விற்றும் பிழைத்தார்.

1951-இல் இலண்டனில் நடந்த மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் அவருக்குக் கிடைத்தது இரண்டாம் இடம். அவ்வாண்டு மற்றொரு வங்காளியான மனதோஷ் ராய் தம் பிரிவில் வென்றார். ஐச் ஊர் திரும்பவில்லை. அங்கேயே ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்தார். 1952-இல் குறைந்த உயரத்தினருக்கான பிரிவில் பட்டம் அவருடையதாயிற்று. நெடியவரோடு அவர் தம்மை ஒப்பிட்டுக்கொள்ளவில்லை. தம் உயரத்துக்கு எவ்வளவு தசை பொருந்துமோ அதையே நாடினார். அந்த ஓராண்டுக்கு முன்னால் இருபதாண்டுக்கு மேற்பட்ட பயிற்சி இருந்ததையும் மறவாதீர்கள். நூறு வயதைக் கடந்து 2016-இல் அவர் மறைந்தார்.

உழைப்பால் தசை பருப்பதற்குக் காரணம் தசைநார்கள் தடிப்பதே என்று 1897-இல் இத்தாலியரான மார்ப்புர்கோ ஆராய்ந்து காட்டினார். நார் தடிக்க நாள் வேண்டும். புதிதாகப் பயிலும் இளைஞனுக்கு மாதத்தில் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை தசை கூடினாலே மிகுதி. அதற்குமேல் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பும் நீருமே. ஐம்பது கிலோ எடையுள்ளவனுக்கு நாளொன்றுக்குச் சுமார் எண்பது கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. மீதியைப் பருப்பு, மீன், பால், வேர்க்கடலை தரும். வெறுஞ்சோற்றை இருமடங்கு உண்டால் தொந்திதான் வளரும். தூக்கும் சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றவேண்டும். இரவில் நன்கு உறங்கவேண்டும்.

இருவரும் அமர்ந்து ஒரு குறிப்பேட்டில் எழுதினோம்: மூன்று மாதம், இரண்டு கிலோ. அவன் முகம் வாடிற்று. மூன்று மாதம் கழித்து ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. அவ்வாண்டுத் தேர்வில் அவன் தேறவில்லை. குறிப்பேட்டை மட்டும் அவன் விடவில்லை. மறு ஆண்டு தேர்வுக்குப் புறப்படுமுன் வந்து, அளவுநாடாவை என் கையிலேயே கொடுத்து மார்பை அளக்கச் சொன்னான்.