வீநெட் குழுமம்

வீநெட் குழுமம் சீனாவில் இணையத் தரவு மையங்களை நடத்தும் ஒரு நிறுவனம் ஆகும். பெய்ஜிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட இது 1996 இல் தொடங்கப்பட்டது. 21வயாநெட் என்று அறியப்பட்டு வந்த இந்நிறுவனம் 2021 இல் இப்பெயரைப் பெற்றது. இதன் பங்குகள் 2011 ஏப்ரலில் நாசுடாக் சந்தையில் பட்டியலிடப்பட்டன.

2002 இல் சைனா டெலிகாம் பிரிக்கப்பட்டு, வட மாகாணங்களின் வலையமைப்பு சைனா நெட்காமிடம் சென்றது. வடக்கிற்கும் தெற்கிற்கும் இடையே தரவுப் போக்குவரத்து நெடுங்காலம் மந்தமாகவே இருந்தது. எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தையும் சாராத 21வயாநெட், தன் மையங்களைப் பல வலையமைப்புகளுடனும் இணைத்தது. அங்கு வழங்கியை வைத்த வலைத்தளம் இரு பகுதிப் பயனர்களையும் விரைவாக எட்ட முடிந்தது. இந்நிறுவனத்தின் வளர்ச்சிக்கு இந்நடுநிலை முக்கிய காரணம் எனலாம்.

அப்போதைய சீன விதிகளின்படி வெளிநாட்டு நிறுவனங்கள் மேகக் கணிமைச் சேவையை நேரடியாக வழங்க இயலவில்லை. எனவே மைக்ரோசாப்டின் அசூர் சேவை 2014 இல் சீனாவில் 21வயாநெட் மூலமாகவே பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. தொழில்நுட்பம் மைக்ரோசாப்டுடையது, சேவையை இயக்குவதும் வாடிக்கையாளருடன் ஒப்பந்தம் செய்வதும் சீன நிறுவனமே. இது உலகளாவிய அசூரிலிருந்து தனித்துப் பிரிக்கப்பட்டுள்ளது. ஆகவே பிற நாடுகளில் பெற்ற அசூர் கணக்கைக் கொண்டு சீனச் சேவையைப் பயன்படுத்த முடியாது. அதற்குத் தனிக் கணக்குத் தேவை.