ரமண நூல்களும் நான்கு எழுத்துத் தட்டச்சும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டியுள்ள ரமணாசிரமம் பகுதி, ஒரே நூல் பல எழுத்துகளில் புழங்கும் இடம். ரமண மகரிஷி (1879–1950) 1896 செப்டம்பரில் மதுரையிலிருந்து இங்கு வந்தபோது தமிழும் பள்ளியில் படித்த ஆங்கிலமும் அறிந்திருந்தார். தெலுங்கு, மலையாளம், சம்ஸ்கிருதம் மூன்றையும் இவ்வூருக்கு வந்த பிறகே கற்றார்; மூன்றிலும் எழுதவும் செய்தார். 1928இல் தமிழில் இயற்றிய 'உள்ளது நாற்பது' நூலைத் தெலுங்கில் உரைநடையாகவும் மலையாளத்தில் செய்யுளாகவும் அவரே ஆக்கினார். 'அருணாசல பஞ்சரத்னம்' முதலில் சம்ஸ்கிருதத்தில் எழுந்து பின்னர் தமிழுக்கு வந்தது. 1947இல் எழுதிய 'ஏகான்ம பஞ்சகம்' முதலில் தெலுங்கு, பிறகு தமிழ்.

அவரைப் பற்றிய குறிப்புகளும் இப்படித்தான். முனகால வெங்கடராமய்யா 1935 முதல் 1939 வரை பதிவு செய்த உரையாடல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. சூரி நாகம்மா 1945 முதல் எழுதிய கடிதங்கள் தெலுங்கில். தேவராஜ முதலியாரின் நாட்குறிப்பு ஆங்கிலத்தில். ஒரே கூடத்தில் நடந்த பேச்சு மூன்று நான்கு மொழிகளில் சிதறிக் கிடக்கிறது.

இந்நூல்களைக் கணினியில் ஏற்ற உட்காரும் ஒருவருக்கு நேரம் மிச்சப்படுத்தும் குறுக்குவழி என்பது கோப்பைத் திறப்பதிலோ மூடுவதிலோ இல்லை. எழுத்து எந்த விசையில் இருக்கிறது, மொழி மாறும்போது விரலின் இடம் மாறுமா, மாறாதா என்பதில்தான் அது இருக்கிறது. அந்த முடிவுகளை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஊர்களில் சிலர் எடுத்தார்கள்.

கையெழுத்தும் தட்டச்சுப் பொறியும்

ரமணர் தம் காலத்து நூல்களையும் பாடல்களையும் கையால் படியெடுத்தவர். கடிதங்களிலும் அச்சுத் தாள்களிலும் மிஞ்சிய வெற்றுப் பகுதிகளை வெட்டிச் சேர்த்துத் தைத்த சிறு குறிப்பேடுகளில், பொடி எழுத்தில், கோடு பிசகாமல் எழுதுவது அவர் வழக்கம். கைக்கு ஒரு வசதி உண்டு: தமிழிலிருந்து தெலுங்குக்கு மாற அதற்கு ஒரு பொறியும் வேண்டாம்.

தட்டச்சுப் பொறி அந்த வசதியைப் பறித்தது. ஒரு பொறி, ஒரு எழுத்து. தமிழை அதில் ஏற்றுவதே பெரும் பாடு. 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து மலாயாவில் பணியாற்றிய ஆர். முத்தையா இதற்கு வழி கண்டார். அடித்தால் தாள் நகராத விசைகளை அமைத்தது அவர் செய்த முக்கியமான வேலை. குறியை முதலில் அடித்தால் தாள் அதே இடத்தில் நிற்கும். அடுத்து அடிக்கும் எழுத்து அந்தக் குறியோடு வந்து பொருந்தும். ஜெர்மனியின் சைடல் அண்டு நவுமன் நிறுவனம் 'பிஜோ' என்ற பெயரில் இப்பொறியைச் செய்து கொடுத்தது. தமிழ்நாட்டின் தட்டச்சுப் பயிலகங்களும் அரசுத் தேர்வுகளும் தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பையே பல தலைமுறைகளுக்குக் கற்பித்தன. பொறிகள் போன பிறகும் அந்த விரல் பழக்கம் போகவில்லை. இன்றும் பல மென்பொருள்களில் 'பழைய தட்டச்சு' என்றொரு தேர்வு இருப்பது அதனால்தான்.

எல்லா மொழிக்கும் ஒரே இடம்

1980களில் கான்பூர் ஐஐடியில் இந்திய எழுத்துகளைக் கணினிக்குக் கொண்டுவரும் ஆய்வு நடந்தது. பின்னர் அப்பணி 1988இல் புனேயில் தொடங்கிய சிடாக் நிறுவனத்தில் தொடர்ந்தது. அதன் அடிப்படை எண்ணம் எளிது. தேவநாகரி, தெலுங்கு, மலையாளம், தமிழ் எல்லாம் பிராமியிலிருந்து கிளைத்தவை. எழுத்தின் வடிவம் வேறானாலும் வரிசை ஒன்று. ஆகவே ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே விசை. இந்த அமைப்புக்கு இன்ஸ்கிரிப்ட் என்று பெயர். மத்திய அரசின் மின்னணுத் துறை 1986இல் இதை முன்வைத்தது; 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தரத்திலும் இது இடம்பெற்றது.

இதில் உயிர்க்குறிகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. 'அருணாசல' என்று அடிக்க ஷிப்ட்டோடு டி, பிறகு ஜே, ஜி, ஷிப்ட்டோடு சி, ஈ, அரைப்புள்ளி, என் ஆகிய ஏழு விசைகள். மொழியைத் தெலுங்குக்கு மாற்றி அதே ஏழு விசைகளை அடித்தால் தெலுங்கில் அதே சொல் வரும். மலையாளத்துக்கும் சம்ஸ்கிருதத்துக்கும் அப்படியே. 'ரமண' என்பதற்கு மூன்றே விசைகள். நான்கு எழுத்திலும் அவையே. ரமண நூல்களைத் தட்டச்சு செய்பவர் ஒரு முறை கற்றால் நான்கு மொழிக்கும் போதும்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. 'பகவான்' என்ற சொல்லில் விரல் பிரிந்துவிடும். தமிழில் ப, க இரண்டும் தம் இனத்து எல்லா ஒலிகளுக்கும் பொது. தெலுங்கிலும் சம்ஸ்கிருதத்திலும் இச்சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளும் வேறு. அவற்றின் விசைகளும் வேறு. யூனிகோடிலும் இதே கதை தொடர்கிறது. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பு இந்தியத் தரத்தின் வரிசையையே பின்பற்றியது. தேவநாகரியில் 'க'வின் எண் 2325, தமிழில் 2965, தெலுங்கில் 3093, மலையாளத்தில் 3349. இடைவெளி ஒவ்வொன்றும் 128இன் மடங்கு. பிற மொழிகளில் 'க'வுக்கு அடுத்து மூன்று எழுத்துகள் இருக்கும் இடத்தில் தமிழ்க் கட்டம் வெற்றாகக் கிடக்கிறது. தமிழைத் தமிழுக்காக வகுக்காமல் தேவநாகரியின் அச்சில் வார்த்துவிட்டார்கள் என்ற மனக்குறை தமிழ்க் கணினியாளர்களிடம் நெடுநாள் இருந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு டேஸ்16 என்ற தனிக் குறியீட்டையும் ஏற்றதற்குப் பின்னால் அந்தக் குறை இருக்கிறது.

தமிழ்99

இன்ஸ்கிரிப்ட்டில் தமிழுக்கு ஒரு நடைமுறைத் தொல்லையும் உண்டு. ற, ன, ண, ள, ழ ஐந்தும் ஷிப்ட் அழுத்தினால்தான் வரும். இவற்றில் சில தமிழில் வரிக்கு வரி வருபவை. 'என்றான்' என்று அடிக்க ஏழு விசைகள். அவற்றில் நான்குக்கு ஷிப்ட் வேண்டும். நாள் முழுவதும் அடிப்பவரின் சுண்டுவிரலைக் கேட்டால் தெரியும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நாடு அரசு நடத்திய தமிழ்இணையம்99 மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 விசைகளில், ஷிப்ட் இல்லாமல், தமிழ் முழுவதும் அடங்கியது. குறிக்குத் தனி விசை கிடையாது. மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய் தானே சேரும்.

இதன் சிறப்பு புள்ளியில் இருக்கிறது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்ற இனச் சேர்க்கைகளிலும் அப்படியே. இதைச் செய்தவர்கள் தமிழ் இலக்கணம் அறிந்தவர்கள் என்பது இந்த ஒரு விதியிலேயே தெரிகிறது. 'என்றான்' ஆறு விசைகளில், ஷிப்ட் ஒருமுறையும் இன்றி முடிகிறது. 'திருவண்ணாமலை' பதினொன்றில் முடியும். இன்ஸ்கிரிப்ட்டில் பன்னிரண்டு, ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்துகளாக அடித்தால் பதினைந்து. 

தானே விழும் புள்ளி சில இடங்களில் இடறும். வேதாந்த நூல்களில் அடிக்கடி வரும் 'மமகாரம்' அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ம இருமுறை அடித்தால் 'ம்ம' என்று ஆகிவிடும். முதல் ம-வுக்குப் பிறகு அ விசையை ஒருமுறை தட்டினால் புள்ளி விழாது. தமிழ்99ஐப் பாதியில் கைவிட்ட பலர் இந்தச் சிறு விதியை யாரும் சொல்லித் தராததால் கைவிட்டவர்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது.

முரசு அஞ்சல் போன்றவற்றால் பரவிய ஒலிபெயர்ப்பு முறை புதிதாகத் தொடங்குபவருக்கு உடனே கைகொடுக்கும். ஆனால் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் மனம் முதலில் ஆங்கில எழுத்துகளில் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் தமிழ் மட்டும் அடிப்பவர் தமிழ்99 கற்பதே நல்லது. இரண்டு வாரங்களில் கை பழகிவிடும். நாள்தோறும் தெலுங்கும் மலையாளமும் சம்ஸ்கிருதமும் சேர்த்து அடிப்பவருக்கு மட்டும் இன்ஸ்கிரிப்ட் இன்னும் பொருத்தம். விண்டோஸில் 'தமிழ்' என்ற பெயரோடு வரும் விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட்தான்; தமிழ்99 வேண்டுமென்றால் பட்டியலில் அதைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேசைக்கணினியின் பொதுக் குறுக்குவழிகள்

வெட்டுதல், ஒட்டுதல் என்ற முறை 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் லேரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கியது. செட், எக்ஸ், சி, வி ஆகிய அடி வரிசை விசைகள் அதற்கு அமைந்தது ஆப்பிளின் லிசா, 1983. தமிழ் விசைப்பலகை செயலில் இருக்கும்போதும் கன்ட்ரோலோடு இவற்றை அழுத்தினால் இதே வேலைதான் நடக்கும். இதற்காக ஆங்கிலத்துக்கு மாறத் தேவையில்லை. மொழி மாற்ற விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் போதும். ஒரே பாடலின் தெலுங்கு, தமிழ் வடிவங்களை அடுத்தடுத்து ஒட்டுபவருக்கு விண்டோஸ் விசையும் வி விசையும் உதவும்: நகலெடுத்த கடைசி 25 துண்டுகள் வரை அங்கே காத்திருக்கும், முதன்முறை மட்டும் அதை இயக்கிவிட வேண்டும்.

அழிக்கும் விசைகள் இரண்டும் தமிழில் ஒன்றுபோல வேலை செய்வதில்லை. எழுத்தின் முன்னால் நின்று டெலீட் அழுத்தினால் 'கொ' முழுதாகப் போகும். பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் அழுத்தினால் குறி மட்டும் போய் 'க' மிஞ்சும். குறிலை நெடிலாக்க எழுத்து முழுவதையும் மறுபடி அடிக்கத் தேவையில்லை.

ஸ்ரீ என்ற சிக்கல்

மேற்சொன்ன எல்லாவற்றையும்விட இப்பகுதிக்கு நெருக்கமான தொல்லை ஒற்றை எழுத்தில் இருக்கிறது. ஸ்ரீ ரமணாசிரமம், ஸ்ரீ பகவான், ஸ்ரீ அருணாசலம் என்று பக்கத்துக்குப் பலமுறை வரும் ஸ்ரீ, கணினிக்குள் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. 

யூனிகோடில் தொடக்கத்தில் தமிழுக்கு ஶ என்ற எழுத்து கிடையாது. ஆகவே ஸ், ர, ஈகாரக் குறி ஆகியவற்றைச் சேர்த்து ஸ்ரீ உண்டாக்கினார்கள். 2005இல் வந்த 4.1 பதிப்பில் ஶ சேர்ந்தது. அதிலிருந்து ஶ்-ஐக் கொண்டு எழுதுவதே சரியான முறை என்று யூனிகோடு சொல்கிறது. மென்பொருள்கள் உடனே மாறவில்லை. சில இன்றும் பழைய முறையிலேயே தருகின்றன. பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டுக்கும் ஒரே வடிவத்தைக் காட்டுவதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடலுக்குத் தெரியும். ஒரு நூலின் முதற்பாதியை ஒரு மென்பொருளிலும் மறுபாதியை வேறொன்றிலும் இருவர் அடித்திருந்தால், 'ஸ்ரீ ரமண' என்று தேடுபவருக்குப் பாதி நூல் இல்லாமலே போகலாம். அகரவரிசைப் பட்டியலிலும் ஒரே பெயர் இரண்டு இடங்களில் போய் உட்காரும்.

எது எந்த வகை என்று அறிய ஒரு சுருக்கமான வழி உண்டு. எழுத்துக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸை இருமுறை தட்ட வேண்டும். முதல் தட்டில் ஈகாரம் போகும், இரண்டாவதில் ர போகும். மிஞ்சுவது ஸ்-ஆ, ஶ்-ஆ என்பது கண்ணுக்கே தெரியும். பிறகு கன்ட்ரோலும் செட்டும் அழுத்தினால் எழுத்து பழையபடி திரும்பிவிடும். கோப்பு முழுவதையும் ஒரே வகைக்குக் கொண்டுவர கன்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தி, ஒன்றைத் தேடி மற்றதை நிரப்பலாம். தேட வேண்டிய வடிவத்தை அந்தக் கோப்பிலிருந்தே நகலெடுத்து ஒட்ட வேண்டும். விசையில் அடித்தால் எந்த வகை விழும் என்பது அந்த மென்பொருளின் கையில். எந்த வகையை வைத்துக்கொள்வது என்பதை நூலைத் தொடங்கும் முன்பே தீர்மானித்து, வேர்டில் தானியங்கித் திருத்தத்தில் ஒரு சுருக்கத்துக்கு 'ஸ்ரீ ரமண மகரிஷி' என்ற முழுத் தொடரையும் பதிந்து வைத்தால், அடிப்பவர் எத்தனை பேரானாலும் ஒரே வடிவம் வரும். அந்தப் பதிவை எல்லோருடைய கணினியிலும் ஏற்றியிருக்க வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் ஏற்றிய பழைய கோப்புகளை மாற்றும்போதும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிடுவது நல்லது. மாற்றி மென்பொருள்களும் ஸ்ரீயை ஒரே மாதிரி எழுதுவதில்லை.