இழை நுனியில் ஒரு விழி
உயிருள்ள உடலின் உள்ளறைகளைக் கண்ணாற் காணல் வேண்டுமென்பது மருத்துவரின் நெடுநாள் வேட்கை. 1930இல் மியூனிக் நகரத்து மருத்துவ மாணவர் ஹைன்ரிக் லாம், கண்ணாடி இழைகளைக் கற்றையாக்கி, மின்விளக்கிழையின் உருவை அவற்றினூடே செலுத்தினார். உருவமோ மங்கலாயிற்று. யூதராகிய அவர், நாத்ஸி ஆட்சிக்குத் தப்பி அமெரிக்கா சென்றார். 1954இல் இலண்டனில் ஹொப்கின்ஸ், கபானி இருவரும் அம்முறையைச் செம்மை செய்தனர்.

எனினும், இழைநுனியை விட்டகலும் ஒளி விரிந்து போகும். நுண்பொருளைக் காண அதனைக் குவித்தல் வேண்டும். 2016இல் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தார், லேசர்க்கதிர் குவியுமிடத்தில் மாத்திரம் இறுகும் பல்பகுதியப் பிசினால், ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் அகலமான வில்லைத்தொகுதியை இழைநுனியிலேயே ஆக்கினர். லாம் கண்ட மங்கலுருவம் வீண்போகவில்லை.