கடலூர் – சிதம்பரம் வட்டாரத்தில் ஆசிரியர் அமைப்புகள்: புலமையும் பணிப்பாதுகாப்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஆசிரியர் அமைப்புகளைப் புலமை மன்றங்கள், உரிமைச் சங்கங்கள் எனப் பிரித்துக் காண்பது வழக்கம். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் ஒரு நூற்றாண்டு வரலாற்றை முன்வைத்து, இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே பயன் தருவன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆசிரியர் அமைப்பு, ஞானியார் மடம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தமிழாய்வு, பணிப்பாதுகாப்பு

முன்னுரை

தமிழ்க்கல்வி வரலாறு பெரும்பாலும் தனிப்புலவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எந்த நூலை யார் பதிப்பித்தார், யாரிடம் யார் பாடம் கேட்டார் என்பன நன்கு பதிவாகியுள்ளன. அவர்கள் கூடி விவாதித்த அமைப்புகளோ அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. அமைப்பில் சேர்வதால் ஓர் ஆசிரியர் பெறுவது என்ன என்னும் வினாவிற்கு இவ்வட்டார வரலாறு இருவகை விடைகளைத் தருகிறது.

மடமும் சங்கமும்

பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு முன்பே திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் மடம் புலவர்கள் கூடும் இடமாக விளங்கியது. ஞானியாரடிகள் (1873–1942) மடத்தின் தலைவராக மட்டுமன்றித் தமிழ் அமைப்புகளை ஊக்குவித்தவராகவும் அறியப்படுகிறார். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். 1905இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் தோன்றியதில் ஞானியாரடிகளுக்கும் மறைமலையடிகளுக்கும் பங்குண்டு. மறைமலையடிகள் அப்போது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர்.

அக்காலக் கல்லூரிகளில் ‘தமிழ்ப் பண்டிதர்’ என்னும் பதவி, ஊதியத்திலும் மதிப்பிலும் பிற பாட ஆசிரியர் பதவிகளுக்குத் தாழ்ந்தே இருந்தது. நிறுவனம் வழங்காத மதிப்பைச் சங்க மேடைகள் தமிழாசிரியருக்கு வழங்கின. ஆயினும் மதிப்பு ஊதியமாகவில்லை. மேடையில் போற்றப்பட்டவர் கல்லூரிக்குத் திரும்பியபோது கடைநிலை ஆசிரியராகவே இருந்தார். புலமை அமைப்பின் எல்லை இங்குப் புலனாகிறது.

அண்ணாமலைநகர்

1920இல் சிதம்பரத்தில் தொடங்கப்பெற்ற மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக விரிந்தது. 1935 முதல் 1940 வரை அதன் துணைவேந்தராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். சென்னையில் ஆசிரியர் அமைப்பை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவர். 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் உருவாகவும் துணைநின்றவர். ஆசிரியர்தம் கூட்டுமுயற்சியும் கல்வி நிருவாகமும் ஒருவரிடமே இணைந்திருந்தமைக்கு இவர் சான்றாவார்.

1945இல் இங்கு மாணவராகச் சேர்ந்தவர் இலங்கையைச் சேர்ந்த தனிநாயகம் அடிகள். தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் இங்குத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். 1964 சனவரியில் புதுதில்லியில் நடைபெற்ற கீழைத்தேயவியல் அறிஞர் மாநாட்டின்போது, தனிநாயகம் அடிகளும் வ.அய். சுப்பிரமணியமும் பிறரும் முயன்று உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினர். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா அதன் தலைவரானார். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும், இரண்டாம் மாநாடு 1968இல் சென்னையிலும் நடைபெற்றன.

இதனையடுத்து உருவான இந்தியப் பல்கலைக்கழகத் தமிழாசிரியர் மன்றத்தின் பங்களிப்பு வேறுவகையானது. உலக மாநாடு சிலருக்கே எட்டுவது. இம்மன்றத்தின் கருத்தரங்குகளோ இளம் விரிவுரையாளருக்கும் ஆய்வாளருக்கும் இடமளித்தன. அங்கு அளிக்கப்பெற்ற கட்டுரைகள் ‘ஆய்வுக்கோவை’ என்னும் தொகுதிகளாக வெளிவந்தன. ஓர் ஊரின் ஆய்வாளர் பிற ஊர்களில் நடைபெறும் ஆய்வை அறியவும், முடிவுகளைச் சக ஆசிரியர் முன்வைத்துச் சோதிக்கவும் இவ்வமைப்பு வழிசெய்தது.

பணிப்பாதுகாப்பு

கோலாலம்பூர் மாநாடு நடைபெற்ற அதே 1966இல், யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் ஆசிரியர் தகுநிலை குறித்த பரிந்துரையை ஏற்றன. கல்வி வளர்ச்சிக்குப் பெரிதும் உதவக்கூடிய ஆற்றலாக ஆசிரியர் அமைப்புகளை அது மதித்தது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கான 1973ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டமும், தனியார் கல்லூரிகளுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டமும், உரிய அலுவலரின் முன் ஒப்புதலின்றி ஆசிரியரைப் பணிநீக்கம் செய்ய இயலாதவாறு வரையறுத்தன.

அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ, நிறுவனர் குடும்பத்தினருக்குச் சிறப்புரிமை வழங்கிய 1928ஆம் ஆண்டுத் தனிச்சட்டத்தின்கீழ் இயங்கியது. 2012இன் இறுதியில் நிதிநெருக்கடி முற்றி ஊதியமும் பணியும் கேள்விக்குள்ளானபோது, ஆசிரியரும் பணியாளரும் ஒன்றிணைந்து போராடினர். 2013 ஏப்ரலில் அரசு நிருவாகியை அமர்த்தியது. அவ்வாண்டிலேயே புதிய சட்டமும் இயற்றப்பட்டது. பின்னர் மிகைப் பணியிடத்தவராகக் கருதப்பட்ட ஆசிரியர் பலர் பிற அரசுக் கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டனர்.

இங்கு ஒரு வினா எழுகிறது. ஒன்றிணைந்த போராட்டம் பணியைக் காத்தது. ஆனால், ஆசிரியர் இடம்பெயரும்போது அவருடைய நூலகத் தொடர்பும், நெறிப்படுத்திய மாணவரும், துறையின் ஆய்வு மரபும் என்னாகும்? இவ்வினா உரிமைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் எளிதில் அடங்காது; கருத்தரங்கின் பொருளாகவும் எளிதில் அமையாது.

முடிவுரை

பண்டிதர் காலத்தில் மதிப்பிருந்தும் பாதுகாப்பு இல்லை. 2013க்குப்பின் பாதுகாப்பு கிட்டியும் ஆய்வுத்தொடர்ச்சி உறுதிப்படவில்லை. இவ்விரு நிலைகளும் ஒரே குறையின் இரு தோற்றங்கள். அமைப்பில் சேர்வது சான்றிதழுக்கும் மதிப்பெண்ணுக்கும் மட்டுமென ஆகும்போது புலமை மன்றம் தளர்கிறது. ஊதியத்திற்கு மட்டுமென ஆகும்போது சங்கம் சுருங்குகிறது. பணிநிலையைப் பேசும் புலமை மன்றமும், ஆய்வைப் பேசும் உரிமைச் சங்கமும் இன்றைய தேவைகள். அவற்றின் பழைய குறிப்பேடுகளையும் சுற்றறிக்கைகளையும் தொகுப்பதே அதற்குரிய முதற்பணியாகும்.