சங்கறுக்கும் வாள்

நெடுந்தீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட ஆழங்குறைந்த கடலிலே, மணலும் சேறும் விரவிய தரையில், புழுக்களைத் தின்று ஊர்ந்து திரிகின்றது ஒரு நத்தை. அதன் ஓட்டையே நாம் சங்கு என்கிறோம். கோயிலில் ஊதுவதும், குழந்தைக்குப் பால் புகட்டுவதும், இழவு வீட்டில் ஒலிப்பதும் அதுவே. சங்கு என்றவுடன் வலம்புரியைப் பற்றிக் கேட்க நேயர்கள் விரும்பக்கூடும். வலம்புரி அரிய பொருள்; பெட்டிக்குள் வைத்துப் பூசிக்கப்படுவது. ஆனால், ஒரு பெருங் கைத்தொழிலை வளர்த்தது எளிதிற் கிடைக்கும் இடம்புரிச் சங்கேயாம். அதனை வளையலாக்கிய கருவியின் வரலாற்றையே இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன்.

சங்கின் ஓடு சுண்ணாம்புப் பொருளால் ஆயது. சுண்ணாம்புதானே, எளிதில் உடையும் என்று எண்ணுவோர் ஒரு சங்கைச் சுத்தியலால் அடித்துப் பார்க்கலாம். நுண்ணிய தகடுகள் ஒரு படையில் ஒரு திசையாகவும், அடுத்த படையில் அதற்குக் குறுக்காகவும் அடுக்கப்பட்டிருத்தலால், ஒரு படையில் தோன்றிய வெடிப்பு மறுபடையில் தடைப்பட்டுத் திசை மாறுகிறது. ஆகவே உளி கொண்டு பிளந்தால் ஒழுங்கற்ற துண்டுகளே கிடைக்கும். வட்டங் குலையாத வளையம் வேண்டுமாயின் அறுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அறுப்பதிலும் ஓர் இடர் உண்டு. வாளலகு தடித்ததாயின், அது செல்லும் வழியெங்கும் சங்கு பொடியாகி வீணாகும். ஒரு சங்கிற் கிடைப்பதோ சில வளையல்களே. அலகு மெல்லியதாயின் அது வளையும், துவளும், வெட்டுக் கோணலாகும். இச்சிக்கலைத் தீர்த்த வகையை வங்காளத்துச் சங்குத் தொழிலாளரின் கைவாளிற் காணலாம். பிறைவடிவான கனத்த இரும்புத் தகடு. இரு முனையிலும் பிடி. முதுகு தடித்தது, விளிம்பு மட்டும் மிக மெல்லியது. தொழிலாளி நிலத்தில் அமர்ந்து, சங்கைக் காலால் இறுக்கி, இரு கையாலும் வாளை முன்னும் பின்னும் ஆட்டி அறுப்பான். விளிம்பு வளைந்திருத்தலால் ஒரு வேளையில் ஒரு சில பற்களே சங்கைத் தொடுகின்றன. வாளின் பாரமெல்லாம் அச்சிறு இடத்தில் இறங்குகின்றது. கனமும் மென்மையும் ஒரே இரும்பில் கூடியதே இக்கருவியின் நுட்பம்.

1902 இல் முத்துச்சிப்பி ஆராய்ச்சிக்காக இலங்கைக்கு வந்து, பின்னர்ச் சென்னை மீன்வளத் துறையிற் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெல், சங்கைப் பற்றி 1914 இல் வெளியிட்ட நூலில் டாக்கா நகரத்து இவ்வாளை விரிவாக விவரித்துள்ளார். எனினும் இதன் தொன்மை எத்துணையென்பது பின்னரே தெளிவாயிற்று. சிந்துவெளி நகரங்களிலும், குசராத்துக் கரையிலுள்ள நாகேசுவரிலும் கிடைத்த அறுபட்ட சங்குத் துண்டுகளைத் தொல்லியலறிஞர் கெனோயர் ஆராய்ந்தார். வாள் பதித்த தடங்களை அளந்து, நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வாள் நீண்டு வளைந்த விளிம்புடைய வெண்கல வாள் என்றும், அதன் விளிம்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்த் தடிப்பே உடையது என்றும் முடிவு செய்தார். அந்த வாள் நமக்குக் கிடைக்கவில்லை. அது விட்டுச் சென்ற கீறலே அதன் வடிவத்தைச் சொல்லிற்று.

தமிழகம் இக்கருவியை அறியாததன்று. அகநானூற்றின் இருபத்து நான்காம் பாட்டிலே ஆவூர் மூலங்கிழார், வேள்வி செய்யாத பார்ப்பனர் வாளரத்தால் வளை அறுப்பதைக் குறிப்பிடுகிறார். நம் தச்சர் மரம் அரியும் கருவியையும் வாள் என்றே வழங்குதல் நினைக்கத் தக்கது. வளைகளை அறுத்தெடுத்த பின் எஞ்சும் சங்கின் நுனியை, விரியாத பகன்றைப் போதுக்கு உவமையாக்குகிறார் புலவர். முறுக்குண்ட அந்நுனிக் கழிவு போன்ற எச்சங்களைக் கொண்டே இன்றைய ஆய்வாளர் ஓரிடம் சங்குப் பட்டறை என்று துணிகின்றனர். பட்டறையின் வாயிலில் நின்று பாராதவர் இவ்வுவமையைச் சொல்லியிருக்க முடியாதென்பது என் எண்ணம். நக்கீரரைச் சங்கறுக்கும் குலத்தவராகச் சொல்லும் கதையும் இத்தொழிலின் நினைவே.

கொற்கையில் அறுபட்ட சங்குத் துண்டுகளை ஹோர்னெல் கண்டெடுத்தார். நம் கரையிலும், 1980 முதல் 1984 வரை மாந்தையில் நடந்த அகழ்வில் சங்குத் தொழிலின் கழிவுகள் வெளிப்பட்டன. ஆக, மன்னார் வளைகுடாவின் இருகரையிலும் ஒரு காலத்தில் அவ்வாள் ஓடிற்று.

பின் ஏன் நின்றது? துறைமுகம் இல்லாமையாலன்று. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே, அதாவது ஊர்காவற்றுறையிலே, வந்திறங்க வேண்டுமென்கிறது. யானை குதிரை கொணரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கும், பிற பண்டம் கொணரும் கலமாயின் பாதியும் அரசுக்கு என வகுக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே சட்டத்தால் ஆளப்பட்ட துறை அது. கைத்திறன் இல்லாமையென்று சொல்வதும் தவறு. என் கருத்திற் காரணம் வேறு. வளையல் கைக்கு அளவாக அமைய வேண்டிய பொருள். அணிபவர் அருகிலேயே அறுப்பவரும் இருத்தல் வேண்டும். தமிழ்ப் பெண்டிர் சங்கு வளையை விட்டுக் கண்ணாடிக்கும் பொன்னுக்கும் மாறினர். வங்கத்து மணமகளோ சங்கு வளையின்றி மணம் கொள்வதில்லை. வாள் அவளிருக்கும் ஊரில் தங்கிற்று. நம்மவர் மூச்சடக்கிக் குளித்தெடுத்த சங்கு, முழுச் சங்காகவே கப்பலேறிற்று. ஆழ்கடலில் உயிரைப் பணயம் வைத்தவனுக்குக் கிடைத்த கூலிக்கும், டாக்காவில் வளையல் விற்ற விலைக்கும் இடையிலுள்ள தொலைவு, கடல்வழித் தொலைவினும் பெரிது. பள்ளியில் மாணவர்க்கு ஏற்றுமதியைப் பற்றிக் கற்பிக்கும்பொழுதெல்லாம் இது என் மனத்தை உறுத்துவதுண்டு.

அறுக்கும் கருவி அறுபடும் பொருளினும் வன்மையுடையதாதல் வேண்டும் என்னும் அதே தேவை மேலைநாட்டுத் தொழிற்சாலைகளையும் ஆட்டிவைத்தது. டெயிலரும் வைற்றும் உருவாக்கிய விரைவெட்டு உருக்கு, செந்நிறமாகக் காய்ந்த நிலையிலும் கூர் மழுங்காமல் இரும்பைச் சீவியதை 1900 இல் பாரிஸ் பொருட்காட்சியில் உலகம் கண்டு வியந்தது. 1926 இல் ஜெர்மனியின் குருப் ஆலை, தங்குதன் காபைட்டாலான வெட்டுமுனைக்கு வைரம் போன்றது என்னும் பொருள்படப் பெயர் சூட்டிற்று. 1955 இல் செயற்கை வைரம் செய்யப்பட்ட செய்தி அமெரிக்காவிலிருந்து வெளிவந்தது.

டாக்காவின் சங்காரிக் கடைத்தெருவிலும் பிறைவாள் நிலைக்கவில்லை. மின்சாரத்தாற் சுழலும் வட்டத்தகடு அதன் இடத்தைப் பிடித்தது. கைவாள் நெடுநேரம் செய்த வெட்டைத் தகடு நொடிப்பொழுதிற் செய்கிறது. வெண்பொடி காற்றிற் பறந்து தொழிலாளியின் நெஞ்சிற் படிகிறது. 1971 மார்ச்சில் பாக்கிஸ்தான் படையினர் அத்தெருவினுட் புகுந்து பலரைக் கொன்றனர். தப்பியோருள் பலர் இந்தியாவுக்கு ஓடினர். அத்தொழில் இன்றும் அங்கு முற்றாக அழியவில்லை.

போர்க்காலத்தில் கடல் தடைப்பட்டு, 2009 இன் பின் மீண்டும் திறந்தபோது, தீவுப் பகுதியில் சங்கு குளித்தலும் திரும்பிற்று. இன்று முதுகிற் காற்றுருளை சுமந்து குளிப்போரும் உளர். வாள் நம்மிடம் இல்லாவிடினும் வாளுக்குரிய அளவு நம்மிடம் உண்டு. சிறு சங்கில் அறுத்த வளையம் கைக்குள் நுழையாது; ஆதலின் தூத்துக்குடியில் முன்னாளில் துளையிட்ட பலகையிற் சங்கை இட்டுப் பார்ப்பர்; துளையில் விழுந்த உயிர்ச் சங்கு மீண்டும் கடலுக்குப் போகும். விட்டம் 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த சங்கை ஏற்றுமதி செய்யலாகாது என்பது இலங்கை விதி. எங்கோ ஒரு வங்கத்துப் பெண்ணின் மணிக்கட்டுக்காக ஊர்காவற்றுறைக் கரையில் நின்று ஒருவன் சங்கை அளக்கிறான்.