அழற்சியை வழிநடத்தும் கீமோகைன்கள்: சுவிஸ் ஆய்வுகள் காட்டிய வழியும் எஞ்சியுள்ள சவாலும்

விரலில் முள் தைத்தால், சிறிது நேரத்தில் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலியெடுக்கிறது. அழற்சி எனப்படும் இந்த மாற்றம், உடல் தன்னைத் தற்காத்துக் கொள்வதன் அடையாளமாகும். ரத்தத்தில் சுற்றிவரும் வெள்ளை அணுக்கள் பாதிக்கப்பட்ட இடத்தில் திரண்டு, அங்கு நுழைந்த கிருமிகளை அழிக்க முற்படுகின்றன.

காயம் எங்கே ஏற்பட்டது என்பதை அந்த அணுக்கள் எவ்வாறு அறிகின்றன என்ற கேள்விக்கு 1980களின் பிற்பகுதியில்தான் தெளிவான விடை கிடைக்கத் தொடங்கியது. கீமோகைன்கள் என்று இன்று அழைக்கப்படும் சிறிய புரதங்களே அந்த விடை. அதைத் தேடியதில் சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்துக்கு முக்கியப் பங்குண்டு.

பேர்னில் கிடைத்த புரதம்

1909ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற சுவிஸ் அறுவைசிகிச்சை நிபுணர் தியோடோர் கோஹரின் பெயரால் பேர்னில் ஓர் ஆய்வு நிலையம் இயங்கிவருகிறது. மார்கோ பஜோலினி தலைமையில் அங்கு பணியாற்றிய ஆய்வுக்குழு, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்களைத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, அதன் அமினோ அமில வரிசையை 1987இல் வெளியிட்டது. ஜெர்மனியின் கீல் நகரிலும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்திலும் இருந்த குழுக்கள் அதே காலத்தில் தனித்தனியே அதே புரதத்தை அடைந்திருந்தன. மூன்று பெயர்களில் அறியப்பட்ட அந்தப் புரதம் பின்னர் இன்டர்லூக்கின் 8 எனப் பெயர் பெற்றது.

தொடர்ந்து இதே அமைப்புடைய பல புரதங்கள் கண்டறியப்பட்டன. அவற்றுக்கான பொதுப்பெயராக கீமோகைன் என்ற சொல் 1992இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மனித உடலில் ஏறத்தாழ 50 கீமோகைன்களும், அவற்றை உணரும் சுமார் 20 ஏற்பிகளும் இருப்பதாக இன்று அறியப்பட்டுள்ளது.

வழிகாட்டும் முறை

திசு காயமடையும்போது அங்குள்ள அணுக்கள் கீமோகைன்களைச் சுரக்கின்றன. இவை அருகிலுள்ள ரத்த நாளங்களின் உட்சுவரில் படிகின்றன. சுவரை ஒட்டி மெல்ல உருண்டு செல்லும் வெள்ளை அணுவின் ஏற்பி அவற்றைத் தொட்டவுடன், அந்த அணு சுவரில் இறுகப் பற்றி நின்றுவிடுகிறது. பின்னர் சுவரைக் கடந்து, கீமோகைனின் செறிவு கூடும் திசையில் ஊர்ந்து காயத்தை அடைகிறது.

எல்லாக் கீமோகைன்களும் அழற்சிக்காகச் சுரப்பவை அல்ல. சில, உடல்நலத்தோடு இருக்கும்போதும் நிணநீர்க் கணுக்களிலும் எலும்பு மஜ்ஜையிலும் அணுக்கள் தத்தமக்குரிய இடத்தில் அமைவதற்கு உதவுகின்றன.

காயம் ஆறிய பிறகும் அழைப்பு ஓயாமல் தொடர்ந்தால், காக்க வந்த படையே ஊறு செய்யும் படையாகிறது. முடக்குவாதத்தில் மூட்டுகளும், சோரியாசிஸில் தோலும், மல்டிபிள் ஸ்கிலிரோசிஸில் நரம்பு மண்டலமும் இவ்வாறு பாதிக்கப்படுகின்றன. ரத்தக்குழாய்த் தடிப்பு, ஆஸ்துமா, புற்றுநோய்ப் பரவல் ஆகியவற்றிலும் கீமோகைன்களுக்குத் தொடர்பு உண்டு.

எச் ஐ வி நுழையும் வாசல்

1990களின் நடுப்பகுதியில் இந்தத் துறை எதிர்பாராத திருப்பத்தைக் கண்டது. மூன்று கீமோகைன்கள் எச் ஐ வி கிருமியைத் தடுக்கின்றன என்று 1995இல் அறிவிக்கப்பட்டது. உயிரணுவுக்குள் நுழைய அந்தக் கிருமி பயன்படுத்தும் வாசல்களில் கீமோகைன் ஏற்பிகளும் அடங்கும் என்பது மறு ஆண்டு உறுதியானது. சிசிஆர் 5, சிஎக்ஸ்சிஆர் 4 ஆகியவையே அந்த ஏற்பிகள். இரண்டாவது ஏற்பியைத் தூண்டும் இயற்கையான கீமோகைன் எது என்பதை 1996இல் கண்டறிந்த குழுக்களில் ஒன்று, பேர்ன் ஆய்வாளர்களும் பாரிஸ் ஆய்வாளர்களும் இணைந்து செயற்பட்ட குழுவாகும்.

சிசிஆர் 5 ஏற்பியை மறிக்கும் மராவிராக் என்ற மருந்து 2007இல் அனுமதி பெற்றது. அந்த ஏற்பி பிறவியிலேயே இல்லாத ஒருவரின் குருத்தணுக்களை அதே ஆண்டு பெற்ற 'பெர்லின் நோயாளி' எச் ஐ வியிலிருந்து விடுபட்டார். ஆனால் ஜெனீவாவில் சிகிச்சை பெற்ற ஒருவர், அந்த ஏற்பி வழமைபோல் உள்ள கொடையாளரிடமிருந்து 2018இல் குருத்தணுக்களைப் பெற்றிருந்தார். 2021இல் மருந்தை நிறுத்திய பின்னரும் அவரிடம் கிருமி தலைதூக்கவில்லை என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. ஒரு வாசலை மூடுவது மட்டுமே வழியல்ல என்பதை இது காட்டுகிறது.

ஜெனீவாவின் முயற்சிகள்

அழற்சி நோய்களுக்கான மருந்துத் தேடலில் ஜெனீவா ஒரு மையமாக விளங்கியது. அங்கிருந்த கிளாக்சோ ஆய்வு நிலையத்தில், ரான்டெஸ் என்ற கீமோகைனை பாக்டீரியாவில் உற்பத்தி செய்தபோது மெதியோனின் என்ற ஒரு அமினோ அமிலம் அதன் முனையில் கூடுதலாக ஒட்டியிருந்தது. அந்தச் சிறு மாற்றத்தால், ஏற்பியில் பொருந்தியும் அதைத் தூண்டாத தடுப்பானாக அந்தப் புரதம் மாறிவிட்டது. அமண்டா பிரவுட்ஃபுட் முதலானோர் இதை 1996இல் வெளியிட்டனர்.

நாய் உண்ணியின் உமிழ்நீரில் கீமோகைன்களைப் பிடித்து முடக்கும் புரதங்கள் உள்ளதையும் பின்னர் ஜெனீவா ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கடித்த இடத்தில் அழற்சி எழாதபடி பார்த்துக்கொண்டு, உண்ணி நாட்கணக்கில் ரத்தம் குடிக்க அவை உதவுகின்றன.

இருந்தும் எதிர்பார்த்த மருந்துகள் வரவில்லை. முடக்குவாதம், மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ், குரோன் எனும் குடல் அழற்சி நோய் ஆகியவற்றுக்காகச் சோதிக்கப்பட்ட பல தடுப்பான்கள் நோயாளிகளிடம் பலனளிக்கவில்லை. ஒரே ஏற்பியைப் பல கீமோகைன்கள் தூண்டுவதும், ஒரே கீமோகைன் பல ஏற்பிகளில் பொருந்துவதும் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. ஒரு பாதையை அடைத்தால் அணுக்கள் மறுபாதையில் வந்துவிடுகின்றன. ஏற்பிகளை நாள் முழுவதும் மறித்து வைக்கும் அளவுக்கு மருந்து கொடுக்கப்படவில்லை என்பது சில ஆய்வாளர்களின் வாதம்.

வெற்றி கிடைத்த இடங்கள் வேறு. எலும்பு மஜ்ஜையிலிருந்து குருத்தணுக்களை ரத்தத்துக்கு வரவழைக்கும் பிளெரிக்சாஃபோர் 2008இலும், ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான மொகமுலிசுமாப் 2012இல் ஜப்பானிலும் அனுமதி பெற்றன.

கொவிட் தந்த புதிய தடயம்

சுவிட்சர்லாந்தின் இத்தாலிய மொழிப் பகுதியிலுள்ள பெல்லின்சோனா நகர உயிர்மருத்துவ ஆய்வு நிலையம் 2023இல் ஒரு முடிவை வெளியிட்டது. கொவிட் 19 தொற்றிலிருந்து மீண்டவர்களில் பலரது உடலில், அவர்களது கீமோகைன்களுக்கே எதிரான நோயெதிர்ப்புப் புரதங்கள் காணப்பட்டன. குறிப்பிட்ட சில கீமோகைன்களுக்கு எதிரானவை இருந்தோரிடம் நோய் கடுமை குறைந்தும், நீடித்த கொவிட் பாதிப்பு அரிதாகவும் இருந்தது.

இது ஒரு தொடர்பே தவிர, காரணம் நிரூபிக்கப்பட்டதாகாது. ஆயினும் மருந்து நிறுவனங்கள் முப்பது ஆண்டுகளாகத் தேடியதை, அதாவது கிருமியோடு போரிடும் ஆற்றலை இழக்காமல் அழற்சியை மட்டும் தணிக்கும் வழியை, உடல் தானே ஓரளவு கையாளக்கூடும் என்ற நம்பிக்கையை இது அளிக்கிறது. எந்த நோயில், எந்தக் கட்டத்தில், எந்த அழைப்பை நிறுத்த வேண்டும் என்பதைப் பிரித்தறிவதே ஆய்வாளர்களின் முன்னுள்ள பணியாகும்.